கண்மூடாத கல்பெண்ணின் கதையைக் கட்டியவர்

இதை எனக்குச் சொன்னவர் அகோரமூர்த்தி. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அறக்கட்டளை நடத்திவரும் கலைக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வழிகாட்டியாக இருந்தவர். கேட்ட நாள் 2018ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த நான்காம் நாள் பிற்பகல். கேட்ட இடம், கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குச் சென்றுகொண்டிருந்த பேருந்து. பாபநாசம் தாண்டியதும் பின்சக்கரம் பழுதாகி நின்றுவிட, பயணிகள் பாதிப்பேர் இறங்கிப் புளியமர நிழலுக்குப் போனார்கள். இவர் இறங்கவில்லை. என் மடியில் இருந்த ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்து, நான் வாய்மொழிக் கதைகளைத் திரட்டுபவன் என்று கேட்டறிந்து, அவராகவே தொடங்கினார். ஊரின் பெயரையும் கலைக்கூடத்தின் பெயரையும் விலக்கிவிடச் சொன்னார். தம் பெயரை மட்டும் விலக்கக் கூடாது என்றார். அவர் சொற்களை மாற்றவில்லை. லாரிகளின் ஒலிப்பான் மூடிவிட்ட இரண்டு இடங்களை மட்டும் விட்டிருக்கிறேன்.

கருவி ஓடுகிறதா ஐயா? சிவப்பு விளக்கு எரிகிறதே, அப்படியானால் ஓடுகிறது. நல்லது. முதலில் ஒன்றைப் பதிந்துகொள்ளுங்கள். எனக்கு யார்மேலும் பொறாமை கிடையாது. என் கூடப்பிறந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பேச்சுவார்த்தை இல்லை, இருந்தாலும் கேட்டால் சொல்வார்கள்.

நான் பத்தொன்பது ஆண்டு முழு உலா நடத்தியவன். முழு உலா என்றால் முழு உலா. தாழிப் பானையில் தொடங்கிக் கற்சிற்பம், செப்புத் திருமேனி, மரச்சிற்பம், ஓவியம் என்று காலவரிசையில் இருநூற்றுப் பதினான்கு பொருள். மூன்று மணி நேரம். ஒன்றையும் விட்டதில்லை. ஒருமுறை, என்னோடு வந்த பெரியவர் ஒருவருக்குத் தலைசுற்றிவிட்டது. காவலர் மஸ்தான் பாயைச் சோடா வாங்கிவரச் சொல்லிவிட்டு, சோழர் காலத்தை முடித்த பிறகுதான் அவர் பக்கம் திரும்பினேன். அந்த ஒழுங்கு இன்று யாரிடம் இருக்கிறது, சொல்லுங்கள்?

வாசலில் பார்வையாளர் கருத்துப் பதிவேடு ஒன்று உண்டு. நாள்தோறும் மாலையில் அதைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பத்தொன்பது ஆண்டில் என் உலாவைப் பற்றி எழுதியதெல்லாம் எனக்கு மனப்பாடம். ‘நன்று.’ ‘வழிகாட்டி விரிவாகப் பேசினார்.’ ‘மிகவும் விரிவாகப் பேசினார்.’ ‘குடிநீர் வசதி செய்து தரவும்.’ அவ்வளவுதான். நான் எதிர்பார்த்துச் செய்யவில்லை, அதனால் வருத்தமும் இல்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

போன ஆடியில் புதிய காப்பாட்சியர் வந்தார். ஹேமாவதி என்று பெயர். சின்ன வயது. வந்த வாரமே எங்களையெல்லாம் நூலக அறைக்கு அழைத்தார்.

“இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை கருப்பொருள் உலா. ஆளுக்கு ஒரு பொருளை எடுத்துக்குங்க. அது சம்பந்தமா நம்மகிட்ட இருக்கிற சிற்பம், படம், ஏதாவது பன்னிரண்டு. முக்கால் மணி நேரம். போதும்,” என்றார்.

பன்னிரண்டு! இருநூற்றுப் பதினான்கில் பன்னிரண்டு! மிச்சம் இருநூற்று இரண்டும் என்ன பாவம் செய்தன?

ஒருவர் விலங்குகள் என்றார். ஒருவர் நகைகள் என்றார். என் முறை வந்தது. எழுந்து நின்று, “என் கருப்பொருள் காலம்,” என்றேன்.

“காலம்னா எப்படி சார்?”

“காலம் என்றால், தாழிப் பானையில் தொடங்கி...”

“சார், அது உங்க பழைய உலாதானே?”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மாள், “சரி சார், நடத்துங்க. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணு. ரெண்டு மாசம் பழகிக்குங்க. ஐப்பசியிலேர்ந்து கணக்கு. தொடர்ந்து மூணு சனிக்கிழமை எட்டுப் பேருக்குக் குறைச்சலா வந்தா அந்த உலாவை நிறுத்திடுவோம். நடத்தினவங்களுக்கு வேற வேலை தருவோம். பை அறையில ஆள் பத்தலை,” என்றார்.

பை அறை தெரியுமா ஐயா? வருகிறவர்களின் பையை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு, எண் பொறித்த தகர வில்லையைக் கையில் கொடுக்கிற இடம். அங்கே வில்லை கொடுத்துக்கொண்டிருந்த பெண்தான் ஜெசிந்தா. வந்து நான்கு ஆண்டு ஆகியிருக்கும். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள் கையைத் தூக்கினாள்.

“மேடம், நானும் ஒண்ணு எடுத்துக்கலாமா?”

“என்ன பொருள்?”

“தூங்குறவங்க.”

மறுபடியும் சிரிப்பு. ஆனால் காப்பாட்சியர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். அவர் என்ன எழுதுகிறார் என்று எக்கிப் பார்த்தேன். கையெழுத்து எப்படி என்று பார்க்கத்தான்.

சொன்னபடியே செய்தாள் ஐயா. பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள். யானை மிதித்தும் எழாத கும்பகர்ணன், மரத்தில் செதுக்கியது. ஆலிலைக் கண்ணன். துரைக்கு விசிறிக் கயிற்றை இழுத்தபடியே தூங்கிப்போன ஆள், அது ஒரு பழைய ஓவியத்தின் மூலையில் கட்டைவிரல் அளவு இருப்பான். என் முழு உலாவில் அந்த ஓவியத்தை வரைந்த முறைபற்றி நான்கு நிமிடம் சொல்வேன், அவனைப் பார்த்ததே இல்லை. இவள் அவனை மட்டும் காட்டினாள். அதற்குமேல் ஒன்று செய்தாள். வீட்டிலிருந்து ஜமக்காளம் கொண்டுவந்து தரையில் விரித்து, வந்தவர்களைப் படுக்கச் சொன்னாள். ஆமாம், படுக்க! “பெருமாளைப் படுத்துக்கிட்டுப் பாருங்க, அவர் மொகம் நம்ம பக்கம் திரும்பும்” என்றாள். வங்கி மேலாளர், ஆசிரியை, பேரப்பிள்ளைகளோடு வந்தவர்கள், எல்லாரும் படுத்தார்கள். நான் தாழிப் பானைக்கு முன்னால் இரண்டு பேரோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த இரண்டு பேரில் ஒருவர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்க வந்தவர்.

முதல் வாரம் அவளுக்கு ஆறு பேர். மறுவாரம் பத்தொன்பது. அதற்கு மறுவாரம் முப்பத்து நான்கு. கருத்துப் பதிவேட்டில் அவளைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். அதை மூன்று தடவை படித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், வேறொன்றும் இல்லை.

இப்போதுதான் முக்கியமான இடம். அறக்கட்டளையின் ஆலோசனைக் குழுவில் பேராசிரியர் சடகோபன் என்று ஒருவர். சிற்ப ஆராய்ச்சியாளர். புரட்டாசி முதல் சனிக்கிழமை வந்து உலாக்களைப் பார்வையிடுவதாகக் கடிதம் வந்தது. அவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர், ஆனால் யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: “ஆதாரம்?” அந்தக் கேள்விக்கு முன்னால் பெரிய பெரிய படிப்பாளிகளே வேர்த்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஆவணிக் கடைசியில் ஒருநாள் ஜெசிந்தா என்னிடம் வந்தாள். கையில் பள்ளிக்கூட நோட்டு.

“சார், ஒரு சந்தேகம். கல் மண்டபத்துல அந்தப் பொம்பளை கண்ணைத் தொறந்துக்கிட்டே படுத்திருக்காங்களே, அவங்களை என் உலாவுல சேக்கலாமா? இல்ல, தூங்கலைன்னா சேக்கக் கூடாதா? உங்களைத் தவிர இங்க யாருக்குத் தெரியும்?”

அது ஆற்றுமணலில் கிடைத்த கருங்கல் பலகை ஐயா. ஒருக்களித்துப் படுத்த பெண். வலக்கை கன்னத்துக்கு அடியில். கண் மட்டும் மூடவில்லை. கீழே ‘பெண் உருவம், கருங்கல், காலம் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. என் முழு உலாவில் அதற்கு அரை நிமிடம்.

அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. பொய் ஒன்றைக் கொடுப்போம். நம்பிச் சொல்லுவாள். பேராசிரியர் ஆதாரம் கேட்பார். முழிப்பாள். இதில் பொறாமை எதுவும் இல்லை. ஆதாரமில்லாமல் பேசக் கூடாது என்ற பாடம், அவ்வளவுதான்.

சொன்னேன். “இது தெரியாதா உனக்கு? அவள் தூங்கவில்லை, தூங்குவதுபோல் கிடக்கிறாள். ஊரில் எல்லா வேலையையும் அவளே செய்தாள்; ஒருவரும் அவளைப் பற்றி ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. நேரில் சொல்லக் கூச்சப்படுகிறார்களோ, தூங்கிவிட்டால் சொல்வார்களோ என்று நினைத்து ஊர் நடுவே படுத்தாள். அவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். மாட்டைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த வீட்டுக்காரியின் கைமணத்தைப் பற்றிப் பேசினார்கள். இவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதோ சொல்வார்கள், இதோ சொல்வார்கள் என்று கேட்டுக்கொண்டே கிடந்து கல்லாகிவிட்டாள்.”

எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். வாயில் வந்தது. எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஜெசிந்தா எழுதவில்லை. நோட்டை மூடினாள். பிறகு, “பாவம் சார்,” என்றாள். கல்லைப் பார்த்துச் சொல்லவில்லை ஐயா, என்னைப் பார்த்துச் சொன்னாள். எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை பேராசிரியர் வரவில்லை. விஷக் காய்ச்சல். அடுத்த மாதம் என்றார்கள். சில நாளில் வெடிக்க வேண்டிய வெடி, திரி புகைந்தபடி ஏழு எட்டு வாரம் கிடந்தது. அந்த ஏழு எட்டு வாரத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் சொன்னது ஒரு நிமிடக் கதை. அவள் பதினொரு நிமிடம் சொன்னாள். கல் மண்டபத்துக்கு அடுத்த அறையில் பெரிய மரக்கதவு ஒன்று உண்டு, அதன் பின்னால் நின்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஊர்க்காரர்கள் பேசுகிற இடத்தில் அவள் ஒவ்வொருவராகப் பேசிக் காட்டினாள். கடைசியில் சத்தமே இல்லாமல் நிறுத்தினாள். முப்பது பேர் நிற்கிற மண்டபத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. ஒரு வயதான அம்மாள் முன்னால் போனார். குனிந்து, அந்தக் கல்பெண்ணின் காதில் ஏதோ சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் வரிசை.

அப்படித்தான் அந்த வழக்கம் தொடங்கியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த வாரம் வந்தவர்கள் வரும்போதே கேட்டுக்கொண்டு வந்தார்கள், ‘காதுல சொல்ற இடம் எது?’ என்று. முதலில் அந்தக் கல்பெண்ணைப் பற்றி நல்ல சொல் சொன்னார்கள். ‘நீ ரொம்ப அழகா இருக்கே தாயி’ என்பதுபோல. பிறகு, தாங்கள் நேரில் சொல்லாமல் விட்ட யாரைப் பற்றியாவது சொல்லத் தொடங்கினார்கள். மின்வாரியத்தில் வேலை பார்க்கிற ஒரு முரட்டு ஆள். அவர் ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். “எங்க அண்ணன் என்னைவிட நல்லாப் பாடுவான். அவன்கிட்ட சொன்னதே இல்ல,” என்றார் கல்லிடம். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு அற்பமான மனிதர்கள் பாருங்கள், அண்ணனிடம் சொல்ல வேண்டியதைக் கல்லிடம் சொல்கிறார்கள்!

அந்தக் காது எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கருத்துவிட்டது. காப்பாட்சியர் கயிறு கட்டினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எக்கிச் சொன்னார்கள்.

எனக்கு எரிந்தது ஐயா. நீங்களே சொல்லுங்கள், எரியாதா? அவளுக்குக் கூட்டம் வருகிறதே என்று எரியவில்லை. அது போகட்டும். அது என் கதை! என் வாயில் பிறந்தது. ‘அடுத்த வீட்டுக்காரியின் கைமணம்’ என்பது என் சொல். நெஞ்சைத் தொட்டு நானே வைத்த சொல். அந்த இடத்தில்தான் எல்லாரும் ‘த்சொ’ என்பார்கள். அந்தத் ‘த்சொ’ எனக்குச் சேர வேண்டியது. அதை வாங்கிக்கொள்ளலாம் என்றால் கதை பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஏன் பொய் சொன்னாய் என்பார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, சொந்தப் பிள்ளையை அடுத்தவள் இடுப்பில் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். கைமணம் முடிந்ததும் தாங்க முடியாமல் கீழே இறங்கிவிடுவேன். அவள் உலாவின் முடிவுவரை ஒருநாளும் நின்றதில்லை.

மஸ்தான் பாய் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். “என்ன சார், வாரா வாரம் கதவுக்குப் பின்னாடி நின்னு கேக்குறீங்க. நீங்களும் ஒரு சொல்லு அந்தக் காதுல போட்டுட்டுப் போறது!”

“யாரைப் பற்றி?” என்றேன்.

“அதை நான் சொன்னா நல்லாருக்காது.”

குசும்பு பிடித்த மனிதர்.

ஐப்பசி பிறந்தது. என் கணக்கு தொடங்கியது. முதல் சனிக்கிழமை மூன்று பேர். இரண்டாம் சனிக்கிழமை ஐந்து பேர். அதில் இரண்டு பேர் புதுமணத் தம்பதி, தாழிப் பானையையே பார்க்கவில்லை. மூன்றாம் சனிக்கிழமையும் எட்டுக்குக் குறைந்தால் என் முழு உலா முடிந்தது, எனக்குப் பை அறை. பத்தொன்பது ஆண்டு! அந்த மூன்றாம் சனிக்கிழமைதான் பேராசிரியர் வருவதாக உறுதிசெய்தார். நேராகத் தூங்குகிறவர்கள் உலாவுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். அதற்கும் ஊரெல்லாம் பேர்!

அன்று காலை பத்தரைக்கு என் உலா. பேராசிரியருக்காக அவள் உலாவின் நேரத்தை மாற்றியதில், அதே பத்தரைக்கு அவள் கல் மண்டபத்தில் இருப்பாள். நான் எங்கே இருக்க வேண்டும்? வாசலில். எங்கே இருந்தேன்? கதவுக்குப் பின்னால். ஒரே ஒரு நிமிடம், அவள் முழிப்பதைப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் போனேன்.

அவள் அன்று என்றைக்கும் இல்லாமல் நிதானமாகச் சொன்னாள். மழையைப் பற்றிப் பேசினார்கள் என்கிற இடத்தில் மஸ்தான் பாய் மூச்சிரைக்க வந்து என் தோளைத் தட்டினார்.

“சார், கீழ உங்களுக்கு ஆள் நிக்கிறாங்க. பதினோரு பேர்!”

“இரு,” என்றேன்.

“பதினோரு பேர் சார்! எண்ணிட்டுத்தான் வந்தேன்.”

“இரு பாய், இதோ கேட்கப் போகிறார்.”

மாட்டைப் பற்றிப் பேசினார்கள். கைமணம். ‘த்சொ’. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் கதவிடுக்கில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். பாய் மறுபடியும் வந்தார், “சார், அவங்க கிளம்பறாங்க, ஒரு குரல் குடுங்க.” கையைக் காட்டி அவரை விரட்டினேன்.

“அருமையாகச் சொன்னாய் அம்மா,” என்றார் பேராசிரியர். “இதற்கு ஆதாரம்?”

அவள் முழிக்கவில்லை ஐயா.

“அகோரமூர்த்தி சார் சொன்னதுங்க. கும்பகர்ணன் விஷயம் மஸ்தான் பாய் சொன்னது. விசிறிக்காரரைக் காட்டினது பெருக்குற சம்பூரணம் அக்கா. உலா முடியறப்ப எது எது யார் சொன்னதுன்னு பேர் சொல்லித்தாங்க முடிப்பேன். சார் பேரை வாரா வாரம் முதல்ல சொல்றேன். அதோ, அந்தக் கதவுக்குப் பின்னாடி நிக்கிறாங்களே, அவங்கதான்.”

முப்பது தலையும் திரும்பின.

பார்த்தீர்களா தந்திரத்தை? வாரா வாரம் என் பெயரைச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறாள்! ஏதாவது ஒன்று என்றால் என் தலையில் விடியட்டும் என்று! எவ்வளவு முன்யோசனை! நான் கதவுக்குப் பின்னால் நிற்பதும் தெரிந்தே இருந்திருக்கிறது, ஒரு வார்த்தை கேட்டாளா?

வெளியே வந்தேன். பேராசிரியர், “அப்படியா! நீங்கள் இதை யாரிடம் கேட்டீர்கள்?” என்றார். நோட்டை விரித்துவிட்டார்.

நான் கட்டியது என்றால் ஏன் கட்டினேன் என்று சொல்ல வேண்டும். அவள் கட்டியது என்றால் முப்பது பேரும் என்னை அடிக்க வருவார்கள். தலைக்குள் ஒரே இரைச்சல். அவள்கூட ஏதோ சொன்னாள், என் காதில் சரியாக விழவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் என் நாக்கில் ஒரு பெயர் வந்தது. ‘சவரிமுத்து. கொள்ளிடத்தில் கீழத்துறையில் ஓடம் தள்ளியவர்.’ இப்படியொரு ஆளை அந்த நொடியில் உண்டாக்கினேன் ஐயா, ஊரோடு, தொழிலோடு! பேராசிரியர் எழுதிக்கொண்டார்.

கீழே இறங்கினேன். வாசலில் மஸ்தான் பாய் மட்டும் நின்றார்.

“எங்கே அவர்கள்?”

“போயிட்டாங்க சார். மழை வர்ற மாதிரி இருக்குன்னு கிளம்பிட்டாங்க. போன வாரம் ஜெசிந்தாகூடச் சுத்தினவங்கதான். முழுசாப் பாக்கணும்னா எங்க சார்கூடப் போங்க, அவர் மாதிரி யாருக்கும் தெரியாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லி அனுப்பிச்சுதாம்.”

அதாவது, ஆட்களை அனுப்பியவளும் அவள். நான் போகாதபடி மேலே என்னைப் பிடித்து வைத்தவளும் அவள். இரண்டு கையாலும் வேலை செய்திருக்கிறாள்! பதிவேட்டில் என் உலாவுக்கு நேரே காப்பாட்சியர் சுழியம் போட்டார். திங்கட்கிழமை நான் பை அறையில் உட்கார்ந்தேன்.

இன்னும் கேளுங்கள். பேராசிரியர் தம் மாணவர் ஒருவரைக் கீழத்துறைக்கு அனுப்பினார். எனக்கு உயிரே இல்லை. அங்கே அப்படி ஒருவர் இல்லை என்று வந்து சொல்லப்போகிறான் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மாணவன் திரும்பி வந்தான். “ஐயா, சவரிமுத்துவை அந்தத் துறையில எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நல்லாக் கதை சொல்வாராம். இந்தக் கதையைக்கூட ரெண்டு பேர் கேட்டதா சொன்னாங்க,” என்றான்! நான் உண்டாக்கிய ஆளை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்களாம்! மக்கள் எவ்வளவு பொய் சொல்கிறார்கள் பாருங்கள்! அதுமட்டுமா? கதையின் முடிவையும் மாற்றிவிட்டார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி வந்து அவள் காதில் ஒரு சொல் சொன்னாளாம், அவள் கண்ணை மூடித் தூங்கிப்போனாளாம். கல்லில் கண் திறந்திருக்கிறதே என்றால், ‘அது செதுக்கினவனுக்குத் தெரியாது’ என்றார்களாம். என் கதையில் அவள் தூங்கவே கூடாது! யாரைக் கேட்டு மாற்றினார்கள்?

இப்போது அந்தக் கல்லுக்குக் கீழே புதுப் பலகை. ‘கண்மூடாப் பெண். வாய்மொழிக் கதை. சொன்னவர் ஓடக்காரர் சவரிமுத்து. கேட்டவர் வழிகாட்டி அகோரமூர்த்தி.’ கேட்டவர்! கட்டியவனைக் கேட்டவன் ஆக்கிவிட்டார்கள்! இல்லாத ஆளுக்கு முதலிடம், எனக்கு இரண்டாமிடம். வருகிறவர்கள், ‘படிக்காத ஓடக்காரர், என்ன அறிவு பாருங்க’ என்கிறார்கள். அந்தச் சவரிமுத்து மட்டும் உயிரோடு இருந்தால் நான் அவன் முகத்தில் விழிக்க மாட்டேன். போன வாரம் ஒருவர் வில்லையைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டே என்னிடமே அந்தக் கதையைச் சொன்னார். கைமணத்தை விட்டுவிட்டுச் சொன்னார். நான் திருத்தினேன். “ஓ, நீங்களும் கேட்டிருக்கீங்களா?” என்றார்.

ஜெசிந்தாவா? வருவாள், போவாள். காலையில் பை அறைக்குள் எட்டிப் பார்த்து, “டீ குடிச்சாச்சா சார்?” என்பாள். நேற்று அந்த ஜமக்காளத்தை மடித்துக் கொண்டுவந்து, “சார், சனிக்கிழமை என்கூட வாங்க, கல் மண்டபத்துல அந்தக் கதையை மட்டும் நீங்களே சொல்லுங்க” என்றாள். என்னைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தி, தன்னைவிட மோசமாகச் சொல்கிறேன் என்று காட்டத்தான். மறுத்துவிட்டேன்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன் ஐயா. நீங்கள் முறையாக எழுதுகிறவர். சவரிமுத்து என்று ஒருவன் இல்லை. கதையைக் கட்டியவர் அகோரமூர்த்தி. கட்டியவர், கேட்டவர் இல்லை. எழுதிவிட்டீர்களா? கொஞ்சம் திருப்புங்கள், பார்க்கிறேன். ‘கோ’ நெடில்தானே போட்டிருக்கிறீர்கள்? சரி. இனிமேல் யார் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

அகோரமூர்த்தி சொன்னது இவ்வளவே. அதே ஆண்டு பங்குனியில் நான் அந்தக் கலைக்கூடத்துக்குச் சென்று காவலர் மஸ்தானிடம் கேட்டபோது, அவர் முடிவை வேறுவிதமாகச் சொன்னார். விரட்டப்பட்ட பிறகு படிமுனையில் நின்று பார்த்த அவர் கூற்றின்படி, பேராசிரியர் கேட்டதும் அகோரமூர்த்தி வாய் திறக்கவே இல்லை. “கீழத்துறை சவரிமுத்துன்னு ஒருத்தர் சொன்னதா சார் சொன்னாங்க” என்று இடையில் புகுந்து சொன்னவர் ஜெசிந்தா. “அது அந்தப் பொண்ணோட அப்பா பேருங்க. ஓடக்காரரு. போய்ச் சேர்ந்து பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. சட்டுன்னு அவளுக்கு வாயில வந்தது அந்தப் பேருதான். சாரை விட்டுக்குடுக்க மனசு வரல” என்றார் மஸ்தான். அந்தக் கதை பொய்யென்பது ஜெசிந்தாவுக்கு முதல்நாளே தெரியும் என்றும் சொன்னார்.

கீழத்துறையில் நான் சந்தித்த மூவரில் இருவர், கல்லான பெண் கடைசியில் கண்மூடித் தூங்கியதாகவே சொல்கிறார்கள். இதைச் சவரிமுத்துவிடமே கேட்டதாக ஒருவர் உறுதிபடக் கூறினார். அவர் கூற்றுக்கு வேறு சான்று கிடைக்கவில்லை.

ஜெசிந்தாவிடம் அகோரமூர்த்தி சொன்ன முடிவையும் மஸ்தான் சொன்ன முடிவையும் சொல்லி, எது சரி என்று கேட்டேன். அவர் எதையும் மறுக்கவில்லை, எதையும் ஒப்பவும் இல்லை. “சார் எப்படிச் சொன்னாங்களோ அப்படியே போட்டுக்குங்க. அவங்க கட்டினதுதானே” என்றார். அன்று சனிக்கிழமை. பதிலைச் சொல்லிவிட்டு, ஜமக்காளத்தின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ளும்படி பை அறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். அகோரமூர்த்தி சற்றுநேரம் கேட்காததுபோல் இருந்துவிட்டு, எழுந்து வந்தார்.